வழங்கிக் கணினியின் இயல்பமைப்பைச் சோதித்தல்

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல், ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகள் சிலவற்றையும் முடக்கிற்று. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சு 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாட்கள்! மருந்து கிடைத்தும் பலர் உட்கொள்ளவில்லை.

இக்குறை நேராவண்ணம், லினக்ஸ் வகையினதாகிய உபுண்டு வழங்கியில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு முதலிலேயே அமைத்துள்ளனர். பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு சிறு அலுவலகத்தில் அத்தகைய வழங்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பொறுப்பாளர் அவ்வமைப்பை நம்பி வாளாவிருத்தல் தகாது. 'ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்' என ஆங்கில எழுத்தில் கட்டளையிட்டால், நடைமுறையிலுள்ள விதிகள் திரையில் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் 'பீரியாடிக்' என்ற சொல் பயிலும் வரிகளை நோக்குக. 'அப்டேட்-பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்', 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்' ஆகிய இரண்டிற்கும் எதிரே 1 என்றிருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரு முறை என்பது அதன் பொருள். 0 எனில் அவ்வேலை நடைபெறாது.

ஆயின் நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. தானாக மறுதொடக்கம் செய்தல் இயல்பமைப்பில் இல்லை. பணி நடுவே அறுந்துபோகலாகாது என்பது காரணம், நியாயமானதே. ஆதலின் கெர்னல் எனப்படும் கருநிரலின் புதுப் பதிப்பு தட்டில் வந்து சேர்ந்த பின்னரும், நினைவகத்தில் ஓடுவது பழையதாகவே இருக்கக்கூடும். 'யூநேம்' கட்டளையுடன் சிறு கோடிட்டு 'ஆர்' எழுத்தைச் சேர்த்தால் ஓடும் பதிப்பின் எண் தெரியவரும். 'ரன்' அடைவை 'எல்எஸ்' கட்டளையால் திறந்து பார்க்க. அங்கே 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற கோப்பு காணப்படின், மறுதொடக்கம் இன்னும் நிலுவையில் உள்ளது. அலுவலகம் ஓய்ந்த இரவு வேளையில் அதனை முடித்துவிடலாம்.