பயணத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் ஒரு பாடசாலை

 

சில வாரங்களுக்கு முன் லுஹர் தொழுகைக்குப் பின், ஒரு சகோதரி தம் மாமியாரோடும் இரு பிள்ளைகளோடும் எம் இல்லம் வந்தார். கணவர் லண்டனில் பணியில் சேர்ந்துவிட்டார். மகனுக்கு வயது ஏழு, மகளுக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கியாயிற்று; விசா வந்தபாடில்லை.

"ஆலிம்சா, இரண்டு மாதமாகப் பிள்ளைகள் சும்மா திரிகிறார்கள். சாமான் கட்டுவதும் அலைவதுமாக மக்தபுக்கும் ஒழுங்காக அனுப்பவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடு என்கிறார் இவர்கள் அத்தா. நானோ பத்தாவதுதான் படித்தவள். என்னால் ஆகுமா?" என்று கேட்டார்.

இக்கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகிறது. ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஹபஷாவில் வளர்ந்த பிள்ளைகள்

கி.பி. 615ஆம் ஆண்டில், மக்காவின் கொடுமை தாளாமல் முஸ்லிம்கள் சிலர் கடல் கடந்து ஹபஷா சென்றனர். அவர்களில் ஒரு சாரார் ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்தனர். ஜஃபர் (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம்பதியரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அங்குதான் பிறந்தார்கள். காலித் பின் ஸயீத் (ரலி) அவர்களின் மகளார் உம்மு காலித் (ரலி) அவர்களும் அவ்வாறே. அந்நிய மண்ணில் அச்சிறார்களுக்குத் தாய் தந்தையரின் மடியே முதல் மதரஸாவாக இருந்தது.

உம்மு காலித் (ரலி) சிறுமியாகத் தம் தந்தையுடன் மஞ்சள் சட்டை அணிந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, ஹபஷா மொழியில் அழகு என்று பொருள்படும் 'ஸனா' என்ற சொல்லால் நாயகம் அவர்கள் அவரைப் பாராட்டினார்கள். சிறுமி நாயகத்தின் முதுகிலிருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடினார். தந்தை அதட்டினார், நாயகமோ விட்டுவிடச் சொன்னார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. வேற்று மண்ணில் வளர்ந்த குழந்தையை அதன் மொழியாலேயே அரவணைத்த பண்பை நாம் மறக்கலாகாது.

கற்பிக்கும் தகுதி

மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களைப் போன்ற இளைஞர்களும் நாயகத்திடம் தங்கியது ஏறத்தாழ இருபது இரவுகளே. குடும்பத்தாரின் நினைவு அவர்களை வாட்டுவதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், ஊர் திரும்பித் தம் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்குமாறு அனுப்பினார்கள். இருபது இரவு கற்றவர் வீட்டுக்கு ஆசிரியராகலாம் என்றால், பத்து ஆண்டு படித்த தாய் ஆகக்கூடாதா?

எனினும், அளவு அறிந்து தொடங்க வேண்டும். இதில் நானே தவறியவன். என் மூத்த மகனை ஐந்து வயதில், மதரஸாவில் நான் படித்த பழக்கப்படி, ஸுபுஹுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன். நான்காம் நாள் ரெஹாலைக் கண்டதும் பையன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான்! பிறகு அவன் தாய் கீரை ஆயும்போது அருகில் இருத்தி, நாளுக்கு மூன்றே எழுத்துகள் சொல்லிக்கொடுத்தாள். பத்து நாளில் அவனே ஓதக் கேட்டு வந்தான். சிறிதானாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற ஹதீஸை மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். அதை என் வீட்டில் அன்றுதான் கற்றேன்.

ஒரு நாளின் ஒழுங்கு

ஸுபுஹுக்குப் பின் கால் மணி நேரம் ஓதல். காலை உணவுக்குப் பின் அரை மணி நேரம் தமிழ் வாசிப்பும் எழுத்தும். பிறகு கணக்கு: ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று பயணச்சீட்டில் இருந்தால், 17 கிலோ வைத்தபின் மீதம் எவ்வளவு என்று மகனைக் கேளுங்கள். அஸருக்குப் பின் ஆங்கிலம். ஐந்து வயது மகளுக்கு இதில் பாதி போதும். ஏழு வயது மகனைத் தொழுகைக்கு ஏவும் காலம் வந்துவிட்டது. தாய் தொழும்போதெல்லாம் அவனையும் உடன் நிறுத்துங்கள்.

தமிழை விட்டுவிடாதீர்கள். வாரம் ஒரு நாள், நன்னிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை அந்த ஊரே கற்றுக்கொடுத்துவிடும். நன்னியின் கடிதத்தை வாசிக்க அங்கே யார் கற்றுக்கொடுப்பார்?

பயணமே பாடம்

நம் பிள்ளைகள் கிப்லா என்றால் மேற்கு என்றே எண்ணுகிறார்கள். உலகப் படத்தை விரித்து மக்காவைக் காட்டுங்கள். நமக்கு அது மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து, லண்டனிலோ தென்கிழக்கு. திசை மாறினும் கஅபா ஒன்றே என்பது குழந்தையின் உள்ளத்தில் பதியும். லண்டனில் ஜூன் மாதம் மஃரிப் இரவு ஒன்பது மணிக்கு மேல். டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கும் முன்பே. சூரியனைப் பார்த்து நேரம் அறியும் பாடத்தை இங்கேயே தொடங்கலாம். பயணத்தில் நான்கு ரக்அத் பர்ளு இரண்டாகும். ஸுபுஹும் மஃரிபும் மாறா என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அங்கே சென்றபின்னும் வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர், அந்நாட்டுச் சட்டத்தை முதலில் கேட்டறிய வேண்டும். இங்கிலாந்தில் அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றே ஆகவேண்டும்.

சென்ற வாரம் அச்சகோதரி மீண்டும் வந்தார். விசா இன்னும் வரவில்லை. ஆனால் மகள் என் வீட்டுச் சுவரிலிருந்த உலகப் படத்தில் மக்காவைத் தேடிக்கொண்டிருந்தாள். மகன் எழுதிய கடிதத்தை நன்னி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை எம்மண்ணில் வாழ்ந்தாலும் ஈமானோடு வாழச் செய்வானாக! ஆமீன்.