எழில் நிரல்மொழியில் ஒதுக்கிய சொற்கள்

முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியிலே முடி, தொடர், ஆனால், இல்லை முதலியன கணினிக்கென ஒதுக்கிய ஆணைச்சொற்களாம். நம் சிலாவத்துறை மாணவனொருவன் பழைய முத்துக்குளிப்புக் கணக்கை நிரலாக்குங்கால், எண்வரிசைக்குத் ‘தொடர்’ எனப் பெயரிடலாகாது. கணினி அதனை ஆணையென்றே கொள்ளும்.

எனினும், இறுதித் தொகைக்கு ‘முடிவு’ எனப் பெயரிடத் தடையில்லை. இங்கேதான் இலக்கணம் வகுப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். முதலெழுத்துகளை மட்டும் நோக்கி விலக்கினால் முடிவு, தொடர்பு போன்ற குற்றமற்ற பெயர்களும் அடிபட்டுப்போம். எழுத்துகள் ஓயுமிடம்வரை படித்து, முழுச்சொல்லையும் பெற்ற பின்னரே ஒதுக்கிய பட்டியலோடு ஒப்பிடல் வேண்டும். முற்றும் ஒத்தால் மட்டுமே விலக்கத்தகும். விகுதியேற்றுச் சொற்பெருக்கும் தமிழுக்கு இவ்விதி பெரிதும் வேண்டற்பாலது. ‘முடிவு’ வகுப்பறையிலே பகுபதம், கணினிக்கோ பகாப்பதம்!