கூலிமுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

தஞ்சோங் டாவாயில் நெத்திலி காயும் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூலிமில் 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் 200 மில்லிமீட்டர் சிலிக்கன் கார்பைட் ஆலையைத் திறந்ததிலிருந்து, அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அங்கிள், சுவிட்சிங் லாஸை எப்படிக் கணக்குப் போடுறது?"

1. முதலில் கையால் போடுங்கள். 400 வோல்ட், 10 ஆம்பியர். மாஸ்ஃபெட் திறக்கவும் அணையவும் சேர்த்து 40 நானோ செகண்ட். மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் ஒரு சுற்றுக்கு 80 மைக்ரோ ஜூல். 100 கிலோ ஹெர்ட்ஸில் 8 வாட், 500-இல் 40 வாட். இந்த உத்தேசம் கையில் இல்லாதவன் சிமுலேஷன் காட்டுவதையெல்லாம் நம்புவான்.

2. டேட்டாஷீட் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். எந்த கேட் ரெசிஸ்டர், எத்தனை டிகிரி, எதிரே எந்த டயோடு என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். எதிர் டயோடு சிலிக்கன் என்றால், அது அணையும்போது கக்கும் மின்னூட்டம் உங்கள் மாஸ்ஃபெட்டில்தான் எரியும். சூடு ஏறினால் அதுவும் ஏறும்.

3. பலரும் சறுக்கும் இடம் இது. மாஸ்ஃபெட் அணையும்போது காலில் அளக்கும் மின்னோட்டம் முழுவதும் நட்டமில்லை. ஒரு பங்கு அதன் சொந்த மின்தேக்கத்தை நிரப்புகிறது. ஐஸ்பெட்டியில் வைத்த மீன் மாதிரி, இன்னும் கையிருப்புதான். அடுத்த முறை திறக்கும்போது அது உள்ளேயே எரிந்துபோகும், வெளியே இருக்கும் ப்ரோப்புக்குத் தெரியாது. ஆகவே அணைப்பு இழப்பு கூடுதலாகவும் திறப்பு இழப்பு குறைவாகவும் தெரியும். சாதாரண சுற்றில் இரண்டையும் கூட்டினால் சரியாகிவிடும். வோல்டேஜ் பூஜ்யமானபின் திறக்கும் சுற்றில் அந்த ஆற்றல் திரும்பிப் போய்விடுகிறது. அங்கே அணைப்பு எண்ணிலிருந்து அதைக் கழித்தே ஆக வேண்டும். அந்த மின்தேக்கமும் வோல்டேஜுக்கு ஏற்ப மாறும். ஒற்றை எண்ணாக வைக்காதீர்கள், வளைவைப் பாருங்கள்.

4. சோர்ஸ் காலின் நீளம் கேட்டை மந்தமாக்கும். நான்கு கால் பேக்கேஜ் வந்ததே அதற்காகத்தான். மாடலில் அந்த இண்டக்டன்ஸ் இல்லையென்றால் வேகமும் பொய், இழப்பும் பொய்.

5. வோல்டேஜ் ப்ரோப்பையும் கரண்ட் ப்ரோப்பையும் நேரம் ஒத்துவரச் சரிசெய்த பிறகே ஆசிலாஸ்கோப்பை நம்புங்கள். இளமையில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு வாரம் மாடலைத் திருத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் 5 நானோ செகண்ட் விலகல். 400 வோல்ட், 20 ஆம்பியரில் அணைப்பு எண்ணில் அது மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரோ ஜூல். 100 கிலோ ஹெர்ட்ஸில் 4 வாட்! மாடலில் ஒரு பிழையும் இல்லை. மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சு மட்டும் நிஜம்.

6. முடிவில், கடத்தல் இழப்பைக் கழித்துவிட்டு ஹீட்சிங்கின் சூட்டோடு ஒப்பிடுங்கள். கணக்கு 8 வாட், சூடு 11 வாட் என்றால் ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதுங்கள். எண்ணை இழுத்துப் பொருத்தாமல் அந்த 3 வாட்டோடு இங்கே வாருங்கள், உட்கார்ந்து தேடுவோம்.