ஒட்டுத்தாளும் வீண்விரயமும்

நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த பவணந்தி முனிவர், மிகைபடக் கூறலைக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணினார். சொல்லில் குற்றமாகும் மிகை, வாழ்விலும் குற்றமே. இதனை உணர்த்தப் பொதுவிடங்களில் 'ஸ்டிக்கர்' என்னும் ஒட்டுத்தாளைப் பயன்படுத்தும் கலைமுறை ஒன்று உண்டு. அதன் இயல்பை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோற்றம்

தானே ஒட்டும் தாள் வணிகத்திற்காகப் பிறந்தது. 1935இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டாண்டன் ஏவரி என்பார் அதனைச் செய்யும் பொறியை அமைத்தார். 1989இல் அந்நாட்டின் பிராவிடன்ஸ் நகரில் கலைக்கல்லூரி மாணவராயிருந்த ஷெப்பர்ட் ஃபேரி, ஆந்த்ரே என்னும் மற்போர் வீரரின் முகத்தை ஒட்டுத்தாளாக்கித் தெருக்களில் ஒட்டினார். அது எப்பொருளையும் விற்கவில்லை. கண்டோர் 'இஃது எதற்கு?' என வினவினர். அவ்வினா சுற்றியுள்ள விளம்பரங்கள் மீதும் திரும்பவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இடமே பொருள்

கழிவறைகளில் கைதுடைக்கும் தாள் பெட்டியின்மீது, இத்தாள்கள் மரங்களிலிருந்து வருகின்றன என அறிவிக்கும் ஒட்டுத்தாளை ஒட்டும் முயற்சி 2007இல் அமெரிக்காவில் தொடங்கியது. 'வீணாக்காதே' என்னும் ஏவல் அதில் இல்லை. செய்தி மட்டுமே உண்டு. கை தாளை நோக்கி நீளும் நொடியில் கண் அதனைக் காண்கிறது. அதே தொடர் சாலைச் சுவரில் இருந்தால் வெறும் தகவலாகவே நின்றுவிடும்.

உள்ளிருக்கும் முரண்

ஒட்டுத்தாள் பலவும் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உரித்தெறியும் அடித்தாளில் சிலிக்கோன் பூசப்பட்டிருப்பதால் மறுசுழற்சியும் எளிதன்று. ஃபேரியின் முத்திரை 2001இல் ஆடை வணிகப் பெயராயிற்று. தெருக்களில் இசைவின்றி ஒட்டியது தொடர்பாக 2009இல் அவர் பாஸ்டன் நகரில் கைதும் செய்யப்பட்டார். எனவே விரயத்தைக் கண்டிக்கும் கலை, தானே விரயமாகாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கன

உண்ணவும் பருகவும் இசைவு தரும் திருமறையின் 7:31ஆம் வசனம், அதனுடனேயே வீண்விரயத்தையும் விலக்குகிறது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் கருத்து இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. மார்க்கம் இவ்வாறு தெளிவுறக் கூறியிருந்தும், நம் வலீமா விருந்துகளில் சஹனில் எஞ்சும் சோறு எவ்வளவு?

விடுதி உணவுக்கூடப் பொறுப்பாளரின் இசைவுபெற்று, சோற்றுப் பாத்திரத்தின் அருகே 'நெல் விளைய நான்கு மாதம்' என ஒரு சாதாரணத் தாளில் எழுதி ஒட்டலாம். நான்கே சொற்கள், ஏவலும் இல்லை, ஏச்சும் இல்லை. ஒளுச் செய்யும் குழாயருகே எழுதத்தக்க நான்கு சொற்களை மாணவர்களே ஆக்கிப் பார்ப்பது நல்ல மொழிப்பயிற்சியாகும்.

ஆயினும் தாளை ஒட்டும் மாணவரின் தட்டில் சோறு மிஞ்சினால் அச்சொற்களை எவரும் மதியார். மாணவர் எழுதுவதைச் சமுதாயப் பெரியோர் தம் இல்ல விருந்துகளில் நடத்திக் காட்டுவாராயின், அத்தாளுக்குத் தேவையே இல்லாத நாளும் வரும்.