ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள், முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்

கைப்பழக்கம் வந்த மெக்கானிக் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும்: பழைய வண்டி ஒன்றை மலிவாக வாங்கி, ஓய்ந்த நேரத்தில் பிரித்துக் கட்டி, நல்ல விலைக்கு விற்றால் என்ன? நல்ல எண்ணம்தான். தொழிலை அடுத்த படிக்குக் கொண்டுபோகக்கூடியது. மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடியதோடு டூ ஸ்ட்ரோக் யெஸ்டி ரோட்கிங் நின்றுபோனது. 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100-ம் அதே 1996-ல் நின்றது. இனிப் புதிதாக வராது என்பதால்தான் இவற்றுக்கு இத்தனை கிராக்கி. ஆனால் பட்டறை மூலைகளில் பாதி பிரித்தபடி வருடக்கணக்கில் கிடப்பவையும் இதே வண்டிகள்தான். வேலை தெரியாமல் நின்றவை அவற்றில் குறைவு. வாங்கிய அன்றே கணக்கு தப்பியவை அதிகம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புக்கைக் கேளுங்கள். பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டதை அபராதமும் அலைச்சலும் கொடுத்து மீட்டுவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாத்தா பெயரில் இருக்கும் வண்டியைப் பேரன் விற்பார், பெயரே மாறியிருக்காது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 எல்லாம் அவர் தரப்பில் முடிந்தால்தான் உங்கள் பெயருக்கு வரும். இன்னொன்று, ஃபைனான்ஸ் பதிவு நீக்காத வண்டி. கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35-ல் கையெழுத்துப் போட வேண்டிய கம்பெனி இன்று இருக்காது. அப்படிப்பட்ட வண்டியை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படியுங்கள். ராவிய தடமோ, கோணல்மாணலாகக் குத்திய எண்ணோ தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். “உதிரிக்கு வெச்சுக்கப்பா” என்று சொன்னாலும் வேண்டாம். திருட்டு வண்டியாக இருந்தால் போலீஸ் உங்கள் பட்டறைக்குத்தான் வரும்.

இனி வண்டிக்கு வருவோம். விற்பவர் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காட்டுவார். அந்தச் சத்தத்தில் மயங்கிப் பணத்தை எடுப்பவர்கள் நிறைய. ஓடும் கலப்பு வண்டியைவிட, ஓடாமல் முழுசாக நிற்கும் வண்டியே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆர்.எக்ஸ் 100 என்று சொல்லி, உள்ளே பின்னால் வந்த ஆர்.எக்ஸ் 135-ன் இன்ஜினை ஏற்றியிருப்பார்கள். வண்டி பறக்கும், ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர் ஒத்துப்போகாது, விவரம் தெரிந்தவர் அதற்கு விலையும் தரமாட்டார். அதே விலைக்கு, மாட்டுக்கொட்டகையில் தூசி படிந்து, கிக்கர் இறங்காமல், ஆனால் சைடு கவர், மீட்டர், மட்கார்டு, ஒரிஜினல் கார்புரேட்டர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டி கிடைத்தால் அதைத் தூக்கி வாருங்கள். ஜாம் ஆன டூ ஸ்ட்ரோக் இன்ஜினைத் திறப்பது உங்களுக்குத் தெரிந்த வேலை. அதன் ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை. ஆனால் காணாமல்போன ஒரு சைடு கவருக்காகச் சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முடிவே கிடையாது.

விற்பவர் அனுமதித்தால் ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். போர் ஏறிய இன்ஜினில் பெரும்பாலும் ஓவர்சைஸ் எண் அங்கே குத்தியிருக்கும்: 0.25, 0.50, 0.75, 1.00. 1.00 என்றால் பொதுவாக அடுத்த போருக்கு இடமில்லை, ஸ்லீவ் போட வேண்டியிருக்கும். விலையைக் குறைக்க அது ஒன்றே போதும். கிராங்க் கேஸில் வெல்டிங் அடித்த தழும்பு இருந்தாலோ, பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலோ பேரமே பேச வேண்டாம்.

இப்போது வருமானக் கணக்கு. ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள்: நீங்களே செய்யும் வேலை, வெளியே கொடுக்கும் வேலை. இன்ஜின் பிரித்துக் கட்டுவது, வயரிங், பிரேக், ஸ்போக் கட்டுவது உங்கள் பட்டியல். கிராங்க் பிரஸ், போர், டிங்கரிங், பெயிண்ட், குரோம் வெளியே போகும். இதில் குரோம்தான் பணத்தை விழுங்கும். துருப் பள்ளம் விழுந்த டேங்கைத் தேய்த்துச் சமன் செய்து, நிக்கல் ஏற்றி, அதற்கு மேல்தான் குரோம் பிடிக்கும்; தேய்க்கும்போது ஊசித்துளைகள் திறந்துகொண்டால் டேங்கே போச்சு. வெளிப் பட்டியல் நீளமாக இருக்கும் வண்டியில் சம்பாதிப்பவர் பிளேட்டிங் கடைக்காரர்தான். உங்கள் கைக்கு வேலை உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மணி நேரத்துக்கும் கூலி போடுங்கள். பட்டறைக்கு வரும் வாடிக்கையாளரிடம் வாங்குவதைவிட ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், உங்கள் நேரத்துக்கு வேறு விலை கிடையாது. முடித்த வண்டிக்கு உங்கள் ஊரில் என்ன கிடைக்கிறதோ அதிலிருந்து இரண்டு பட்டியலையும் உதிரிபாகச் செலவையும் கழியுங்கள். மீதி இருப்பதே நீங்கள் தரக்கூடிய அதிகபட்ச விலை. வட்டிக்கு வாங்கிய பணமானால் அந்த மீதியும் மாதாமாதம் கரையும். ஆகவே முதல் வண்டிக்குக் கடன் வேண்டாம்.

வேறொருவர் பட்டறையில் சம்பளத்துக்கு இருக்கிறீர்களா? முதலாளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். எந்த மூலை, எந்த நேரம், எந்தக் கருவி என்று தெளிவாகிவிட்டால் நாளை மனக்கசப்பு இல்லை.

50 வயது கடந்த வண்டி என்றால் 2021-ல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது, அன்றாடம் சாலையில் ஓட்டவும் கூடாது. ஆபீஸுக்கு ஓட்டிப்போக நினைப்பவருக்கு அந்தப் பதிவு உதவாது.

பணம் கைமாறும்முன் ஆர்.சி. நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், எந்த வேலை முடிந்தால் எந்தக் காகிதம் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். பதிவு காலாவதியான வண்டியை ஓடும் நிலையில் ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும். அதற்குள் பல மாதம் ஆகிவிடும், விற்றவரின் கையெழுத்து அப்போதும் தேவைப்படலாம். படிவம் 29, 30-ல் இன்றே கையெழுத்து வாங்குங்கள். விலையில் ஒரு பங்கைப் பெயர் மாறும் நாளில் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் எவ்வளவு முழுசான வண்டி இருந்தாலும் வாங்க வேண்டாம்.