மேடை ஏறட்டும் மூத்தோர்

தோட்டத்து ஆலயத் திருவிழாவிலோ தமிழ்ப்பள்ளியின் ஆண்டு விழாவிலோ நாடகம் பார்த்த எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். இருபது வயது இளைஞர் ஒருவர் தலையிலும் மீசையிலும் மாவைப் பூசிக்கொண்டு, கூனி வளைந்து, கைத்தடியுடன் மேடைக்கு வருவார். இரண்டு முறை இருமுவார். அவையோர் சிரிப்பர். முன்வரிசை நாற்காலியில் அமர்ந்து அச்சிரிப்பில் கலந்துகொள்பவர், உண்மையிலேயே எழுபது வயதைக் கடந்த பெரியவர். சற்று முன்னர்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, "நீங்கள் போய் உட்காருங்கள் ஐயா" என்று கைபிடித்து இறக்கிவிட்டிருப்பார்கள்.

அந்தப் பெரியவர் மேடையில் ஏன் இல்லை? இவ்வினாவை நாம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இளையவர் முதியவராக நடிப்பது தவறன்று. அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் 1912ஆம் ஆண்டில் பிறந்தவர். 1940களின் தொடக்கத்தில், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், அவர் ஔவை மூதாட்டியாக நடித்தார். அவ்வேடமே அவர் பெயருடன் நிலைத்துவிட்டது. அது கலைத்திறன். ஆயின் முதியவரே நம்மிடையே இருக்கும்போது, அவருக்குப் பார்வையாளர் நாற்காலி ஒன்றே போதும் என்று முடிவு செய்வது கலைத்திறன் ஆகாது. அது நம் பழக்கம். பழக்கத்தை மாற்றிக்கொள்ள இயலும்.

மூத்தோருக்கு இது புதிய கலையா?

கடல் கடந்து வந்த நம் முன்னோர் கையில் கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சில் கொண்டுவந்த கலை பெரிது. மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்து அவற்றுள் ஒன்று. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதும், இரதி புலம்புவதும் அதன் கதை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அது இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கும் நம் நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாடும் லாவணியும் இக்கதையை ஒட்டி எழுந்ததே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடல்களை ஏட்டைப் பாராமல் பாடியவர்களும் தோட்டங்களில் வாழ்ந்தனர். பால்மரம் சீவி, பாலெடுத்து, உடல் களைத்த பின்னரும் இரவில் ஒத்திகைக்கு வந்தவர்கள் அவர்கள்.

அன்று சிறுவராக இருந்து அவற்றைக் கண்டவர்களே இன்றைய மூத்தோர். ஆதலின் நாடகம் அவர்களுக்குப் புதிதன்று. இடையில் கைவிட்டுப்போன பழைய உறவு.

இங்கே மகளிரைத் தனியே குறிப்பிட வேண்டும். தோட்டத்து மேடைகளில் பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே தரித்தனர். தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பெண்கள் வாயில் பிறந்தவை. இருந்தும் மேடை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கும் பாட்டிமார் பலர், ஒருமுறையேனும் மேடையில் நின்று பேசாமலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டனர். மூத்தோர் நாடகக் குழு அமைப்பதனால் பெரிதும் பயன் பெறுவோர் இவர்களே.

பிற நாடுகளில் நடந்தவை

ஜப்பானின் புகழ்பெற்ற நாடக இயக்குநர் நினகவா யுகியோ (1935–2016), தம் எழுபதாம் வயதை ஒட்டிப் புதிய முயற்சி ஒன்றில் இறங்கினார். 55 வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே சேரலாம் என அறிவித்து, 2006ஆம் ஆண்டில் சைத்தாமா கோல்டு தியேட்டர் என்னும் குழுவை அவர் நிறுவினார். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 48 பேர் தெரிவு செய்யப்பட்டனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசிகளும் அவர்களுள் இருந்தனர்.

நினகவா அவர்களுக்கு எளிய வேடிக்கை நாடகங்களைக் கொடுத்து ஒதுங்கிவிடவில்லை. மூதாட்டிகள் திரண்டு நீதிமன்றத்தையே கைப்பற்றும் கடுமையான நாடகம் ஒன்றையும் நடிக்கச் செய்தார். 2013ஆம் ஆண்டில் அந்நாடகம் பாரிஸ் நகரிலும் அரங்கேறியது. நினகவா மறைந்த பின்னரும் குழு தொடர்ந்து இயங்கி, 2021 டிசம்பரில் தன் இறுதி நாடகத்தை நடத்தி விடைபெற்றது. 'நீர் நிலையம்' எனப் பொருள்படும் அவ்விறுதி நாடகத்தில் வசனமே கிடையாது. ஒழுகும் நீர்க்குழாய் ஒன்றை நாடி மனிதர்கள் ஒவ்வொருவராக வருவதும், பருகுவதும், நடந்து மறைவதுமே காட்சி. முதுமையின் மெல்லிய நடை அங்கே குறையாகத் தோன்றாமல் நாடகத்தின் உயிராகவே அமைந்தது.

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் 'த நெசசரி ஸ்டேஜ்' என்னும் நாடகக் குழு 2009ஆம் ஆண்டில் மூத்தோருக்கான நாடகப் பயிற்சியைத் தொடங்கிற்று.

"ஞாபகம் இல்லையே" என்போருக்கு

மூத்தோரை நடிக்க அழைத்தால் முதலில் வரும் மறுமொழி இதுவே: "இந்த வயதில் வசனம் எங்கே மனத்தில் நிற்கும்?" இதற்கு ஆய்வாளர்கள் அளித்துள்ள விடை ஊக்கமூட்டுவதாகும்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் ஆகிய இருவரும் நடிகர்கள் வசனத்தை எவ்வாறு நினைவில் வைக்கின்றனர் என்பதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர்கள். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 60 முதல் 86 வயது வரையிலான 124 பேர் பங்குபெற்றனர். ஒரு பிரிவினருக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு ஓவியம் முதலிய காட்சிக் கலைகள் பற்றிய பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. பயிற்சி பெறாதாரோடு ஒப்பிடுகையில், நடிப்புப் பயிற்சி பெற்றோர் சொற்களை நினைவுகூர்தலிலும், சிக்கலுக்குத் தீர்வு காண்பதிலும், மனநலத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். இஃது ஒரு குறுகிய கால ஆய்வே. நடிப்பு மறதி நோய்க்கு மருந்து என்று இதைக்கொண்டு கூறிவிடலாகாது. ஆயினும் முதுமையிலும் மனம் பயிற்சியை ஏற்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

அவர்கள் கண்டறிந்த மற்றோர் உண்மை நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. தேர்ந்த நடிகர்கள் வசனத்தைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பதில்லை. "இந்தப் பாத்திரம் இப்போது எதை விரும்புகிறது? எதற்காக இதைச் சொல்கிறது?" என்று தம்மையே கேட்டுக்கொள்கின்றனர். உடலசைவோடு சேர்த்துப் பழகிய வசனமும் எளிதில் மனத்தில் தங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இம்முறையை நம் தோட்ட வரலாற்றிலிருந்தே ஒரு காட்சியைக் கொண்டு விளக்கலாம். சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டுக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையும் லயத்து வீடும் ஒருங்கே பறிபோகும் அச்சம் தொழிலாளர் குடும்பங்களைச் சூழ்ந்தது. அந்நிலையில் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர்.

அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. இதோ காட்சி: லயத்து வீட்டில் மாலை நேரம். சங்கத்தில் சேர வேண்டும் என்கிறார் தந்தை. கடைக்காரரிடம் அரிசிக் கடன் நிற்கிறது என்கிறார் தாய். "தோட்டத்தை விற்றுவிட்டால் நான் எங்கே போவேன்?" என்கிறார் பாட்டி. கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சிறுமி அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தாயாக நடிக்கும் மூதாட்டிக்கு எழுதிய வசனம் மறந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். கவலையில்லை. அந்தப் பத்து வெள்ளி வீட்டைவிட்டுப் போகாமல் தடுக்க வேண்டும் என்பதே தாயின் நோக்கம் என அவருக்குத் தெரியும். பணம் இருக்கும் சுருக்குப்பையை இறுகப் பற்றிக்கொள்வார். தமக்குத் தோன்றிய சொற்களைப் பேசுவார். குடும்பம் நடத்திய அனுபவம் அவருக்குச் சொல்லெடுத்துக் கொடுக்கும். ஏட்டில் உள்ள வசனத்தைக் காட்டிலும் அது சிறப்பாகவே அமையக்கூடும்.

தொடங்குவது எவ்வாறு?

1. எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். நடிக்க விரும்பாதவர் பாடலாம், உறுமியோ தப்போ வாசிக்கலாம், உடை தைக்கலாம். மேடைக்குப் பின்னால் செய்யும் பணியும் நாடகமே.

2. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் கூடுக. பகற்பொழுது நன்று, ஒரு மணி நேரம் போதும். ஆலய மண்டபமோ சமூக மண்டபமோ ஏற்றது.

3. நாற்காலிகளை வட்டமாக இடுக. கைகளையும் தோள்களையும் மெல்ல அசைத்து, நன்கு மூச்சு வாங்கி, ஒரு கும்மிப் பாட்டுடன் தொடங்குக.

4. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பழம்பொருளைக் கொண்டுவரட்டும். பால் மங்கு, உளி, பழைய செக்ரோல் சீட்டு, ஆயாக்கொட்டகையில் ஆட்டிய தொட்டிலின் கயிறு என எதுவும் ஆகலாம். அப்பொருளின் கதையை அவர் கூற, மற்றவர்கள் அதை நடித்துக் காட்டுக. நான்கு வாரங்களில் ஒரு நாடகத்திற்குரிய காட்சிகள் சேர்ந்துவிடும்.

5. வசனத்தை எழுதித் திணிக்க வேண்டா. யார், எங்கே, என்ன விரும்புகிறார் என்ற மூன்றை மட்டும் உறுதி செய்க. மறந்தால் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு துணை நடிகர் இருக்கட்டும்.

6. மேடைப் படிகளுக்குக் கைப்பிடி வேண்டும். தரையில் மின்கம்பிகள் குறுக்கிடலாகாது. காட்சிக்குள்ளேயே நாற்காலி இருக்கட்டும். குடிநீரும் கழிவறையும் அருகில் அமைக. மருந்து உண்ணும் வேளையை ஒத்திகை கெடுத்துவிடக் கூடாது.

7. கதைக்கு உரியவரின் இசைவின்றி அவர் துயரத்தை மேடையேற்றாதீர். பழைய காயத்தைக் கூறி ஒருவர் கலங்கினால், ஒத்திகையை நிறுத்தி அவருடன் அமருங்கள். அரங்கேற்றம் காத்திருக்கலாம்.

வாய்ப்புகள் எங்கே?

நம் நாட்டில் 60 வயதை அடைந்தோர் மூத்த குடிமக்களாகக் கருதப்படுகின்றனர். சமூக நல இலாகாவின் ஆதரவில் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் பல இடங்களில் இயங்குகின்றன. அங்கு உடற்பயிற்சியும் கைவினையும் நடைபெறும்போது நாடகத்திற்கும் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறலாம். ஆலய நிர்வாகத்தினர் திருவிழாவில் அரைமணி நேரம் ஒதுக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாணவர்களும் தாத்தா பாட்டிமாரும் சேர்ந்து நடிக்கும் நாடகத்திற்கு வழி செய்யலாம். பெரட்டு என்றால் என்ன என்று கேட்கும் பேரனுக்கு, விடியற்காலை இருளில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த பாட்டியே அதை நடித்துக் காட்டுவதைவிடச் சிறந்த பாடம் உண்டோ?

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தோர் இன்று தனித்தனித் தாமான்களில் பிரிந்து வாழ்கின்றனர். பிள்ளைகள் காலையில் வேலைக்குச் சென்றபின் பூட்டிய கதவுக்குள் தொலைக்காட்சியே துணையெனக் கிடக்கும் மூத்தோர் பலர். அவர்களுக்குச் சோறு உண்டு, மருந்து உண்டு, மரியாதையும் உண்டு. "இன்று நீங்கள் வராவிட்டால் எங்கள் ஒத்திகை நடவாது" என்று சொல்வோர்தாம் இல்லை. பொன்னாடை ஒரு நாளைக்கு உரியது. ஒரு பாத்திரமோ வாரந்தோறும் அவரை எதிர்பார்க்கும்.

எனவே அடுத்த திருவிழாவில் மாவு பூசிய தலைகளுக்கு ஓய்வு கொடுப்போம். இயல்பாகவே நரைத்த தலைகள் மேடை ஏறட்டும். நாம் கீழே அமர்ந்து பார்ப்போம், கேட்போம், கற்போம்.

சிந்தனைக்கு

1. உங்கள் குடியிருப்பில் கூத்தோ நாடகமோ ஆடிய மூத்தோர் யாவர்? அவர்கள் தரித்த வேடங்கள் எவை?

2. உங்கள் வீட்டிலுள்ள எந்தப் பழம்பொருள் ஒரு காட்சியாக மாறக்கூடும்?

3. 'பத்து வெள்ளி' காட்சியில் கதவுக்குப் பின்னால் நிற்கும் சிறுமிக்கு இன்று எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அவர் மேடைக்கு வந்தால் தம் பெற்றோரிடம் என்ன கூறுவார்?