ஒட்டினால் துணை, ஒட்டாவிட்டால் ஓட்டை!

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை என்னும் கிராமம் இருக்கிறது. அப்பகுதி காப்பித் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. பறித்த காப்பியைக் களத்தில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள். ஆனால் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் உள்ள இடமாயிற்றே! திடீரென்று மேகம் சூழும். இரவில் பனி இறங்கும். ஈரம் தங்கினால் காப்பியில் பூசணம் பிடிக்கும், விலையும் குறையும். நண்பகல் வெப்பத்தைச் சேமித்து, வெயில் மறைந்த பின் பயன்படுத்த முடியுமா?

முடியும். 1 கிலோகிராம் கருங்கல் 10 டிகிரி சூடேறும்போது சுமார் 8 கிலோஜூல் வெப்பத்தைச் சேமிக்கிறது. 1 கிலோகிராம் பாரஃபின் மெழுகோ, உருகும்போது மட்டும் சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. இதுவே நீங்கள் பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம். மெழுகு மீண்டும் உறையும்போது அவ்வெப்பம் வெளிவருகிறது.

உருகிய மெழுகு ஓடிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் மெழுகை மிக நுண்ணிய கூடுகளில் அடைக்கிறார்கள். இக்கூடுகளைப் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கில் கலந்து பலகையாக வார்க்கலாம். இவ்வாறு கலக்கப்படும் பொருளுக்கு 'நிரப்பி' என்று பெயர். இத்தகைய பலகைகளால் காப்பியை உலர்த்தும் பெட்டி ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். கூடுகள் கூடக்கூடச் சேமிக்கும் வெப்பமும் கூடும். ஆனால் பலகை காப்பியின் பாரத்தையும் தாங்க வேண்டுமே! சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 செ.மீ. பக்கமுள்ள பிளாஸ்டிக் கனசதுரம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நடுவே, கன அளவில் பத்தில் ஒரு பங்குள்ள உருண்டை நிரப்பி இருக்கிறது. உருண்டையின் ஆரம் 0.288 செ.மீ.; அதன் நடுவெட்டுப் பரப்பு 0.26 சதுர செ.மீ. உருண்டை பிளாஸ்டிக்கோடு சிறிதும் ஒட்டவில்லை என்றால், இழுக்கும்போது அது எந்தப் பாரத்தையும் ஏற்காது. வெறும் ஓட்டைக்குச் சமம். பாரம் முழுவதையும் எஞ்சிய 0.74 சதுர செ.மீ. பிளாஸ்டிக்தான் தாங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு நிரப்பியைச் சேர்த்ததற்கு வலிமையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தாலோ, 100க்கு 59 பங்கு வலிமைதான் மிஞ்சும். கண்ணாடி மணிகள் கலந்த பிளாஸ்டிக்கை ஆராய்ந்த நிக்கோலாய்ஸ், நார்கிஸ் என்ற அறிஞர்கள் 1971இல் இத்தகைய கணக்கையே பயன்படுத்தினார்கள்.

நிரப்பி நன்றாக ஒட்டியிருந்தால் நிலைமை மாறும். அப்போது பிளாஸ்டிக் தன் பாரத்தின் ஒரு பகுதியைப் பரப்பின் வழியே நிரப்பிக்குக் கொடுக்கும். கண்ணாடி போன்ற உறுதியான நிரப்பி அதைத் தாங்கிக்கொள்ளும். மெழுகுக் கூட்டால் அந்த அளவு தாங்க இயலாது; உள்ளே இருப்பது உருகும் பொருள் அல்லவா? ஆயினும் கூட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையே விரைவில் விரிசல் விழாமல் காக்கலாம்.

ஒட்டுதலுக்குக் காரணம் வேற்றினக் கவர்ச்சி விசை. பாலிஎத்திலீன் பல பொருள்களோடு எளிதில் ஒட்டாது. ஆகவே வேதியியலார் 'இரு கை' மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். ஒரு கை நிரப்பியின் பரப்பைப் பற்றும். மறு கை பிளாஸ்டிக்கைப் பற்றும். கண்ணாடி நிரப்பிக்கு உதவும் சிலேன்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மாறாக, கூடு உடைந்து மெழுகு கசிந்தால், எண்ணெய்க் கையால் கயிறு இழுப்பதுபோல் பிடி நழுவிவிடும். ஒட்டாத இடத்தில் காற்று புகுந்தால் இன்னொரு தீங்கும் உண்டு: காற்று அரிதிற் கடத்தியாதலால் வெப்பம் மெழுகை விரைவில் சென்றடையாது. ஆக, ஒட்டுதல் வலிமைக்கும் வேண்டும், வெப்பத்துக்கும் வேண்டும்.

செய்து பாருங்கள்

மூன்று தீப்பெட்டித் தட்டுகளில் பிளாஸ்டிக் தாளை விரித்து, குழைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஊற்றுங்கள். முதல் தட்டில் வேறொன்றும் வேண்டாம். இரண்டாவதில் எண்ணெய் தடவிய பாசிமணிகளையும், மூன்றாவதில் அதே அளவு கழுவிய சொரசொரப்பான செங்கல் துணுக்குகளையும் கலந்துவிடுங்கள். இரண்டு நாள் உலர்ந்தபின் ஒவ்வொரு கட்டியையும் இரு பென்சில்கள்மேல் பாலம்போல் வைத்து, நடுவில் நூலால் சிறு டப்பாவைத் தொங்கவிட்டு, கட்டி உடையும்வரை மணல் போடுங்கள். மணலை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உடைந்த முகங்களைக் கூர்ந்து நோக்குங்கள். மணிகள் இருந்த இடத்தில் வழவழப்பான குழிகள் தெரிகின்றனவா? செங்கல் துணுக்குகள் கட்டியை விட்டுப் பிரிந்தனவா, இல்லையா?

கேள்வி: ஒட்டாத நிரப்பி 100க்கு 30 பங்கானால் எஞ்சும் வலிமை எவ்வளவு?
(விடை: 100க்கு சுமார் 46 பங்கு)